கம்ப்யூட்டர் குரூப்பில் பெண் பிள்ளைகள் ஏன் கூடுகிறார்கள், ஏன் குறைகிறார்கள்: உங்கள் பள்ளியில் நீங்களே கண்டுபிடிக்கும் வழி

ஜூன் மாதம் அட்மிஷன் முடிந்ததும் எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கணினி ஆசிரியர்களுக்குள் ஒரு பேச்சு கட்டாயம் வரும். "இந்த வருஷம் கம்ப்யூட்டர் குரூப்ல பொண்ணுங்க கொறஞ்சுட்டாங்க மேடம், அதுங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல" என்பார் ஒருவர். "எங்க ஸ்கூல்ல முக்கால்வாசி பொண்ணுங்கதான்" என்பார் அடுத்தவர். அரூர்க்காரர் ஒரு காரணம் சொல்வார், தேன்கனிக்கோட்டைக்காரர் வேறொன்று சொல்வார். யாரிடமும் கணக்கு இருக்காது.

நான் தர்மபுரி மாவட்டத்தில், பாலக்கோடு பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். இந்தக் கணக்கைப் பல வருஷமாக எடுத்து வருகிறேன். அதை எப்படி எடுப்பது, எடுத்தபின் என்ன செய்வது என்பதை மற்ற ஆசிரியர்களுக்காக இங்கே எழுதுகிறேன். விவரம் தெரிந்த பெற்றோருக்கும் உதவும். முதலிலேயே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: காரணம் என்ற இடத்தில் "ஆர்வம் இல்லை" என்று எழுதாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் விசாரித்து முடித்தபிறகும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அப்போது எழுதலாம். எனக்கு இதுவரை அந்தத் தேவை வரவில்லை.

எண்ணிக்கை வேறு, பங்கு வேறு

ஒரு நோட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: போன வருஷம் பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் குரூப்பில் 18 பெண்கள், 22 பையன்கள். பெண்களின் பங்கு 45 சதவீதம். இந்த வருஷம் அதே 18 பெண்கள், பையன்கள் 12 பேர்தான். பங்கு 60 ஆகிவிட்டது. பெண்கள் பக்கம் எதுவுமே மாறவில்லை. பத்தாவது முடித்த பையன்கள் பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ.க்கும் போய்விட்டார்கள், அவ்வளவுதான். "முக்கால்வாசி பொண்ணுங்கதான்" என்று பெருமைப்படும் பள்ளிகளில் பாதிக்கு இதுதான் கதை என்பது என் எண்ணம்.

இன்ஜினியரிங் கல்லூரியில் இதே கணக்கு தலைகீழாக நடக்கும். மெக்கானிக்கல், சிவில் எடுத்துவந்த பையன்கள் இப்போது கூட்டமாகக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்புகிறார்கள். அங்கே பெண்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும்போதும் பங்கு இறங்கலாம். பங்கை மட்டும் பார்க்கிறவர் "பொண்ணுங்க விலகுறாங்க" என்று தவறாக முடிவு கட்டிவிடுவார்.

ஐந்து இடங்களில் எண்ணிக்கை வேண்டும்: பத்தாவது முடித்தவர்கள், பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப்பில் சேர்ந்தவர்கள், பிளஸ் டூ பரீட்சை எழுதியவர்கள், கல்லூரியில் கம்ப்யூட்டர் சார்ந்த படிப்பில் சேர்ந்தவர்கள், அங்கே இரண்டாம் வருஷமும் தொடர்கிறவர்கள். முதல் மூன்றும் உங்கள் பள்ளியிலேயே இருக்கின்றன. நாமினல் ரோல் என்ற மாணவர் பெயர்ப் பட்டியல், டி.சி. பதிவேடு, கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவு இந்த மூன்றும் போதும். கடைசி இரண்டுக்குப் பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவைத்தான் நம்பவேண்டும். ஒரு பெண்ணைப் பிடித்தால் அவள் மூலம் அந்த வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே எண்ணிக்கை சரிகிறதோ, அங்கே போய்த்தான் காரணத்தைத் தேட வேண்டும். பிளஸ் ஒன்னில் சேராததற்கும் கல்லூரியில் பாதியில் நின்றதற்கும் காரணம் ஒன்றாக இருக்காது.

ஒரு வருஷத்துக் கணக்கை வைத்துப் பேசவே பேசாதீர்கள். சின்னப் பள்ளியில் நான்கு பெண்கள் குரூப் மாறினாலே சதவீதம் எங்கேயோ போய்விடும். குறைந்தது ஐந்து வருஷம் வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் அந்தந்த வருஷம் என்ன மாறியது என்று எழுதுங்கள்: புது செக்‌ஷன் வந்ததா, கம்ப்யூட்டர் டீச்சர் பணியிடம் காலியாகக் கிடந்ததா, ஊருக்கு வரும் டவுன் பஸ் நின்றதா. அரசு அளவில் மாறியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2007இல் இன்ஜினியரிங் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு போனது. 2010இல் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2020இலும் 2021இலும் பள்ளி பூட்டிக்கிடந்து போனில் பாடம் நடந்தது. 2021இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் இலவசப் பயணமும் வந்தன. 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் தொடங்கியது. எண்கள் எந்த வருஷத்தில் திரும்புகின்றன என்று இந்தக் கட்டத்தோடு ஒட்டிப் பாருங்கள், பல கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைக்கும்.

வெளியே நடந்தது என்ன

"இது பொம்பளைங்க மூளைக்கு ஆகாது" என்று ஸ்டாஃப் ரூமிலேயே சொல்கிற ஆட்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லவாவது இந்த விவரம் உங்கள் கையில் இருக்கட்டும்.

1946இல் அமெரிக்காவில் எனியாக் கம்ப்யூட்டரை எல்லோருக்கும் காட்டியபோது, அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அந்தக் காலத்தில் நிரல் எழுதுவதை குமாஸ்தா வேலை மாதிரி நினைத்தார்கள், அதனால் பெண்களிடம் கொடுத்தார்கள். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கியவர்களில் பெண்களின் பங்கு ஏறிக்கொண்டே வந்து 1984 வாக்கில் 37 சதவீதத்தைத் தொட்டது. அதன்பிறகு இறங்கி, 2010 வாக்கில் 18 சதவீதத்துக்கு வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷத்தில் மூளை மாறிவிடாது. மாறியவை வேறு. வீட்டுக் கம்ப்யூட்டர் வந்தது, அதைப் பையன்களின் விளையாட்டுச் சாமானாக விளம்பரம் செய்தார்கள். கல்லூரிகளில் கூட்டம் சேர்ந்ததும் சீட்டுக்குக் கெடுபிடி ஏறியது. முதல் வருஷப் பாடமே ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவனை மனதில் வைத்து நடந்தது.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் இருவரும் மாணவ மாணவிகளை உட்காரவைத்து வருஷக்கணக்கில் பேசினார்கள். வீட்டில் வாங்கிய கம்ப்யூட்டர் பெரும்பாலும் பையனின் அறைக்குப் போயிருந்தது என்பது அதில் தெரிந்தது. அந்தக் கல்லூரி, முன் அனுபவத்தைப் பார்த்துச் சேர்ப்பதைக் குறைத்தது, தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் தொடக்கப் பாடத்தைப் பிரித்தது. அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்தவர்களில் 1995இல் 7 சதவீதமாக இருந்த பெண்கள் 2000இல் 42 சதவீதம் ஆனார்கள். நம் ஐ.ஐ.டி.களைப் பாருங்கள். 2018இல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் உருவாக்கினார்கள், பத்துக்கும் கீழே கிடந்த பங்கு 2020இல் ஏறக்குறைய இருபதுக்கு வந்தது. இரண்டு இடத்திலும் பெண்கள் அதே பெண்கள்தான்.

நம் நாட்டிலும் மலேசியாவிலும் கம்ப்யூட்டர் படிப்பில் பெண்களின் பங்கு பல வருஷமாகவே அமெரிக்காவைவிட அதிகம். நான்கு சுவருக்குள் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை, பாதுகாப்பு, கேம்பஸிலேயே வேலை கிடைக்கும் என்று பெற்றவர்கள் நினைத்தது பெரிய காரணம். இன்னொன்றையும் நான் முக்கியமாக நினைக்கிறேன். நம் ஊர் வீடுகளில் யாருக்குமே கம்ப்யூட்டர் இல்லை, அதனால் பையனும் பெண்ணும் பூஜ்யத்தில் சேர்ந்தே தொடங்கினார்கள். அந்தச் சமநிலையை இப்போது செல்போன் உடைத்துக்கொண்டிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இணையம் ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் 33 சதவீதம், ஆண்களில் 57. கொரோனா நேரத்தில் வீட்டில் இருந்த ஒரே போன் அண்ணனிடம் இருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதே அண்ணன்தான் இப்போது லேபில் முதலில் மவுஸைப் பிடிக்கிறான்.

கேட்கிற முறை

"ஏம்மா கம்ப்யூட்டர் எடுக்கல?" என்று பெண்ணிடம் கேட்டால் "புடிக்கல மிஸ்" என்பாள். அதற்குமேல் ஒரு சொல் வராது. நடந்ததைக் கேளுங்கள். அட்மிஷனுக்கு யார் கூட வந்தார்கள், எந்த குரூப் என்று முதலில் யார் சொன்னது, வீட்டில் அதைப் பற்றி எப்போது பேசினார்கள், அக்கா என்ன படித்தாள். இந்த நான்கு கேள்விகளிலேயே காரணம் வெளியே வந்துவிடும்.

ஒரு அப்பாவோடு நடந்த பேச்சை அப்படியே தருகிறேன். பத்தாவதில் கணக்கில் 91 வாங்கிய பெண், பக்கத்தில் தலையைக் குனிந்து நிற்கிறாள்.

"டீச்சர், பாப்பாவுக்கு பயாலஜி போட்டுருங்க."

"பாப்பா என்னங்க கேக்குது?"

"அது என்னத்தைங்க கேக்கும். நர்சிங் படிச்சா தர்மபுரியிலயே வேலை. கம்ப்யூட்டர்னா பெங்களூர் போவணும், வயசுப் புள்ளைய தனியா எப்பிடிங்க அனுப்பறது?"

இங்கே காரணம் தூரம். பெண்ணின் விருப்பம் இந்தப் பேச்சுக்குள் வரவே இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் பழைய மாணவி ஒருத்திக்கு அங்கிருந்தே போன் போட்டு அவரிடம் கொடுத்தேன். ஹாஸ்டலில் எத்தனை பேர் ஒரு ரூமில், ராத்திரி வேலை உண்டா, உண்டென்றால் வண்டி வீட்டு வாசல் வரை வருமா, சாப்பாடு எப்படி, மாதம் எத்தனை தடவை ஊருக்கு வரலாம் என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். சம்பளத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாமோ அட்மிஷன் நேரத்தில் பேக்கேஜ் லட்சக்கணக்கில் என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறோம். அவருக்கு வேண்டிய பதில் அது கிடையாது. பழைய மாணவிகளில் இரண்டு மூன்று பேரின் சம்மதம் வாங்கி, நேரம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு மணி நேரம் சொல்வதை அவர்கள் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். பெற்றவர் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவராக இருந்தால் அந்த மொழி தெரிந்த பெண்ணாகப் பாருங்கள், ஓசூர், தளி பக்கம் இது ரொம்ப முக்கியம்.

அப்படியும் பயாலஜிதான் என்றால், கணக்கு இருக்கிற பயாலஜி குரூப்பில் போடச் சொல்லுங்கள். கணக்கு, இயற்பியல், வேதியியல் இருந்தால் பிளஸ் டூ முடித்து அவள் மனம் மாறினாலும் இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் எடுக்கலாம். கணக்கு இல்லாத தாவரவியல், விலங்கியல் குரூப்பில் போட்டால் பதினைந்து வயதிலேயே அந்த வழி அடைபட்டுவிடும். கலைக் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ.க்கு என்ன பாடம் கேட்கிறார்கள் என்பதை அந்த வருஷத்துக் கையேட்டில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

லேபில் யார் கை எங்கே இருக்கிறது

சேர்ந்த பெண்கள் பிளஸ் டூவில் நன்றாக மார்க் வாங்கிவிட்டு, கல்லூரிக்குப் போகும்போது "கோடிங் எனக்கு வராது மிஸ்" என்று பி.காம். எடுக்கிறார்களா? அப்படியானால் லேபைக் கவனியுங்கள்.

ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். பையன் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொள்வான், மவுஸ் அவன் வலது கையில். பெண் ஓரமாக உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டைத் திறந்து, அவன் அடிப்பதைப் பார்த்து அழகாக எழுதிக்கொண்டிருப்பாள். பைத்தானில் இஃப் வரிக்குக் கடைசியில் முக்காற்புள்ளி விட்டுப்போயிருக்கும், சிவப்பில் எரர் வரும். அவன் மொத்தத்தையும் அழித்து முதலிலிருந்து அடிக்கத் தொடங்குவான். அவளுக்கு எது விட்டுப்போனது என்று தெரியும். விரல் திரைப் பக்கம் பாதி வரை போய்த் திரும்பிவிடும். அந்த விரலைப் பார்த்தபிறகு அந்தப் பெண்ணுக்கு ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நான் செய்வது இதுதான். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மணி அடிப்பேன், இருவரும் எழுந்து இடம் மாற வேண்டும். நாற்காலியே மாறணும், கீபோர்டை நகர்த்திக் கொடுப்பது செல்லாது. கீபோர்டில் இருப்பவர் சொந்தமாக ஒரு எழுத்தும் அடிக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் சொல்லச் சொல்லத்தான் அடிக்க வேண்டும். முதல் சுற்றில் கீபோர்டில் பையன், சொல்கிறவள் பெண். முதல் வாரம் லேபில் ஒரே முணுமுணுப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரத்தில் பெண்களின் குரல் உயர ஆரம்பிக்கும். "டேய், அங்க ரெண்டு ஸ்பேஸ் உள்ள தள்ளுடா" என்று ஒருத்தி அதட்டுவது காதில் விழும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

பிளஸ் ஒன் தொடக்கத்தில் யார் யார் ஏற்கெனவே கீபோர்டில் பழகியவர்கள் என்று கேட்டு, அவர்களைத் தனி ஜோடிகளாகப் போடுங்கள். புதியவர்கள் புதியவர்களோடு. தெரிந்தவன் பக்கத்தில் உட்கார்ந்தால் கற்றுக்கொள்வாள் என்று நினைப்போம், நடப்பது என்னவோ அவன் அடிக்க அவள் வேடிக்கை பார்ப்பதுதான். கார்னகி மெலனில் தொடக்கப் பாடத்தைப் பிரித்ததும் இதே காரணத்துக்குத்தான், அதற்குக் கூடுதல் பணமோ ஆளோ நமக்குத் தேவையில்லை.

பிளஸ் டூவுக்கும் கல்லூரிக்கும் நடுவில்

நம் இரண்டு மாவட்டங்களிலும் எண்ணிக்கை அதிகம் சரிவது இங்கேதான். பரீட்சை மார்ச்சில் முடியும், கல்லூரி திறக்க ஜூன், ஜூலை, சில நேரம் ஆகஸ்ட் ஆகும். அந்த இடைவெளியில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன.

ஒன்று, வேலை. ஓசூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கிறவர்கள் ரிசல்ட் வருவதற்கு முன்பே ஊருக்குள் வந்துவிடுகிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, வேன், மாதச் சம்பளம். அந்த வேலைக்குப் போகிற பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். அந்தச் சம்பளத்தில் கடன் அடைத்த வீடுகள் எனக்குத் தெரியும். ஆனால் படிக்க ஆசைப்பட்ட பெண், படிக்கக் காசு ஆகாது என்பது தெரியாமலே போகக்கூடாது. அதனால் பணப் பேச்சை பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சீட் வாங்கினால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேர்ந்த பெண்ணின் கணக்கில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்பே எழுதிப்போடவேண்டும், கடைசி நேரத்தில் அலைந்தால் கிடைக்காது. செட்டிக்கரையிலும் பர்கூரிலும் அரசு இன்ஜினியரிங் கல்லூரி இருக்கிறது என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. பள்ளியிலிருந்து ஒரு நாள் அழைத்துப்போய்க் காட்டுங்கள். அப்பாக்களையும் கூட்டிப்போங்கள். விடுதி வாசலையும் அங்கிருந்து வரும் கடைசி பஸ்ஸையும் கண்ணால் பார்த்துவிட்டால் அவர்கள் பேச்சே மாறிவிடும்.

இன்னொன்று, கல்யாணம். இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது, சொல்லாமல் விட முடியாது. பிளஸ் டூ எழுதுகிற பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்திருக்காது. "படிக்க வெச்சா அதுக்குமேல படிச்ச மாப்பிள்ளை பாக்கணுமே, நகை எங்க போடறது" என்ற கவலையில் லீவு நாளிலேயே பேசி முடிக்கப் பார்க்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் வாரம் ஒருமுறை மாணவிகளுக்கு நீங்களே போன் செய்யுங்கள். ஹால் டிக்கெட் நம்பர், கவுன்சலிங் தேதி, ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து வீட்டில் வேறு யாராவது எடுத்து "பாப்பா ஊருக்குப் போயிருக்கு" என்றால் நேரில் போய்விடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐ மாணவிகள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். நீங்கள் கூப்பிட்டுச் சொன்னாலும் உங்கள் பெயர் வெளியே வராது.

கல்லூரியில் இரண்டாம் வருஷம்

இதில் பள்ளி ஆசிரியரால் செய்யக்கூடியது குறைவு. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் பாடம் ஓடும்போது தலை சுற்றும், இரண்டு அரியர் விழும், அதோடு "நம்மால் முடியாது" என்று முடிவுக்கு வந்துவிடுவாள். பிளஸ் டூ முடிவதற்குள் வேரியபிள், லூப், ஃபங்ஷன், அரே போன்ற சொற்களை ஆங்கிலத்திலேயே பேசிப் பழக்கிவிடுங்கள். ஒரே கல்லூரிக்கு இரண்டு மூன்று பெண்களாகச் சேர வையுங்கள், ஒருத்தி நின்றால் மற்றவள் இழுத்துப் பிடிப்பாள். டிசம்பரில் முதல் செமஸ்டர் பரீட்சை முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு போன்.

காரணக் கட்டத்தை நிரப்புவது

ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வரி. பெயர் வேண்டாம், வரிசை எண் போதும், நோட்டு யார் கையிலாவது சிக்கினாலும் பிள்ளைக்குத் தொந்தரவு வரக்கூடாது. காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள்: தூரம், பணம், கல்யாணம், வேலை, குரூப் இல்லை, டீச்சர் இல்லை, லேப், மொழி. இரண்டு காரணம் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள், முதலில் அவர்கள் வாயில் வந்ததற்கு அடிக்கோடு போடுங்கள். கம்ப்யூட்டரை வேண்டாம் என்று தானே யோசித்து வேறு படிப்பு எடுத்தவளுக்கு "அவள் முடிவு" என்று எழுதுங்கள். அக்ரி படிக்கவேண்டும் என்று போன பெண்ணைக் கம்ப்யூட்டரில் சேரவில்லையே என்று நஷ்டக் கணக்கில் வைக்கக் கூடாது.

ஐந்து வருஷம் முடிந்ததும் எந்தச் சொல் அதிகமோ அதை எடுத்துக்கொண்டு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். தூரம் என்றால் பஸ் நேரத்துக்கு மனு, டீச்சர் இல்லை என்றால் முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு மனு, இரண்டிலும் உங்கள் அட்டவணையின் நகலை இணைத்து, பெறப்பட்டது என்று முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.